புல்லுக்கு வாதாடிய எங்கள் அண்ணி

பேசுகிறவன் எவ்வளவு நேரம் பேசலாம் என்பதைத் தம் கைக்கடிகாரத்தை ஒருமுறை பார்த்தே உணர்த்திவிடும் ஆற்றல் படைத்த அவைத்தலைவர், கல்லூரி முதல்வர் அம்மையார் அவர்களே! அவருக்கு வலப்புறம் வீற்றிருக்கும் நகரமன்றத் தலைவர் அவர்களே! இத்தனை ஆண்டுகளாக ஒரே நடைபாதையில் பார்த்தும் பாராமல் நடந்துவிட்டு, இன்று ஒரே வரிசையில் தோளோடு தோள் ஒட்டி அமர்ந்திருக்கும் வரலாற்றுத் துறைப் பெருமக்களே, தாவரவியல் துறைப் பெருமக்களே! வயதால் முதிர்ந்து, அறிவால் கனிந்து, முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! குழாயில் தண்ணீர் வருவதற்குள் கூட்டம் முடிந்துவிடுமா என்ற கவலையோடு வந்திருக்கும் தாய்மார்களே! கலங்காதீர்கள் தாய்மார்களே, தண்ணீரைத் திறந்துவிட வேண்டியவனே இங்கே உங்கள் முன்னால்தான் நின்றுகொண்டிருக்கிறேன்! நாற்காலி காலியாக இருந்தும் சுவரில் சாய்ந்து நிற்பதையே சுகமெனக் கருதும் மாணவச் செல்வங்களே! உங்கள் எல்லோரையும் இருகரம் குவித்து வணங்குகிறேன்.

நான் யார்? வரலாற்று அறிஞனா? இல்லை. தாவர வல்லுநனா? தோட்டத்தில் களை எது, கீரை எது என்று கேட்டால் இரண்டையும் சேர்த்துப் பிடுங்கிவிடுபவன் நான். இந்த நகரத்தின் நீர் வழங்கல் பொறியாளன். குழாய்க்காரனுக்கு எங்கிருந்து வந்தது இந்தச் செந்தமிழ் என்று சிலர் வியக்கலாம். குடத்தோடு வந்து என் அலுவலக வாசலில் நின்று, கோடைதோறும் நீங்கள் என்னை ஏசிய ஏச்சுகளில் இருந்துதான் வந்தது! ஆம் அம்மா, அதோ தலையாட்டுகிறீர்களே, உங்களிடம் நான் கற்றது கொஞ்சநஞ்சமா?

ஆனால் இந்த மேடையில் ஏறும் உரிமை எனக்கு வேறு வழியில் வந்தது. இன்று தொடங்கும் சுற்றுச்சூழல் வரலாற்றுத் துறையின் முதல் தலைவர், இதோ தலையைக் குனிந்து அமர்ந்திருக்கிறாரே, அவர் என் அண்ணனின் மனைவி. நீங்கள் பேராசிரியர் என்பீர்கள். நான் அண்ணி என்பேன். அண்ணி என்றே பேச அவைத்தலைவர் அனுமதிக்க வேண்டும்.

அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்தபோது கையில் ஒரு தாவரவியல் பட்டம் இருந்தது. வந்த சில நாளிலேயே தலைக்குள் ஒரு கேள்வி புகுந்துகொண்டது. எங்கள் மொட்டைமாடியில் நின்றால் மலை தெரியும். ஒரு பாதி கருநீலம், தைலமரக் காடு. மறுபாதி மஞ்சள், வெறும் புல். துணி உலர்த்திக்கொண்டே அண்ணி கேட்டார்:

“அந்தப் பக்கம் மரம் இருக்கு, இந்தப் பக்கம் ஏன் இல்ல?”

அண்ணன் சொன்னார்: “வெட்டியிருப்பாங்க.”

“யாரு வெட்டுனாங்க? எப்ப வெட்டுனாங்க?”

என் அண்ணன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஊர் முழுவதற்கும் பார்வை கொடுத்தவர். பிறந்ததில் இருந்து பார்த்த மலையைப் பற்றி ஒரு பதில் சொல்ல முடியாமல் விழித்தார்.

அந்தக் கேள்வியோடு அண்ணி இந்தக் கல்லூரிக்கு வந்தார். வரலாற்றுத் துறையில் சொன்னார்கள்: “செடி கொடிய பத்தின்னா தாவரவியலுக்குப் போங்கம்மா.” தாவரவியல் துறையில் சொன்னார்கள்: “செத்துப்போனவங்கள பத்தின்னா வரலாற்றுக்குப் போங்கம்மா.” அங்கே போனால் இங்கே, இங்கே வந்தால் அங்கே! இரு துறைக்கும் இடையில் நடந்தே என் அண்ணியின் செருப்புத் தேய்ந்தது. நெளியாதீர்கள் ஐயா, முன்வரிசைப் பேராசிரியர்களே, நான் உங்களைச் சொல்லவில்லை. உங்கள் ஆசிரியர்களைச் சொல்கிறேன்! கடைசியில் ஓய்வுபெற ஓராண்டு இருந்த ஒரு வரலாற்றுப் பேராசிரியர், போகிற காலத்தில் ஒரு புண்ணியம் என்று அவரை ஆய்வு மாணவியாகச் சேர்த்துக்கொண்டார்.

வீட்டில் என் தாயார் கேட்டார்: “உங்கண்ணி எதைப் பத்திடா படிக்கிறா?”

“புல்லைப் பத்திம்மா.”

“அடப்பாவமே! மாடு மேய வேண்டியத மருமக மேயுறா!”

புல்லானாலும் புருஷன் என்பார்கள். எங்கள் வீட்டில் புருஷனுக்கு முன்னால் புல் வந்து நின்றது. என் அண்ணனும் சிரித்துக்கொண்டே பின்னால் நின்றார்.

அன்பர்களே! அண்ணி கண்டது என்ன? நம்மை அயலார் ஆண்ட காலத்தில், கடல் கடந்து ஒரு தாவர அறிஞர் வந்தார். தாவரவியல் துறைச் சுவரில் தாடியோடு இன்றும் படமாகத் தொங்குகிறாரே, அவர்தான். அவரைக் கொடியவர் என்று சொல்லிவிட்டால் கைதட்டல் கிடைக்கும். அண்ணி ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. அந்தத் தாடிக்காரர் மழையை அளந்தார், அளவு சரி. மண்ணைச் சோதித்தார், சோதனை சரி. காய்ச்சலோடு மலையேறிப் பூக்களுக்குப் பெயர் வைத்தார், உழைப்பு உண்மை. ஆனால் புல்வெளியின் முன்னால் வந்து நின்றபோது, வெட்டுவதற்கு அங்கே மரம் இல்லை, வரி வாங்க அங்கே பயிர் இல்லை. என்ன எழுதினார்? ‘தரிசு’ என்று எழுதினார்.

தரிசு! ஒரு சொல். ஆடு மாடு மேய்த்த மக்கள் அங்கே இருந்தார்கள், தரிசு. ஓடைகள் அங்கே பிறந்தன, தரிசு. மரம் வெட்டி உண்டான வெளியல்ல அது, மனிதன் வருமுன்னே புல்லாகவே இருந்த வெளி, ஆனாலும் தரிசு! தரிசு என்றால் நிரப்ப வேண்டாமா? ஆட்சிக்கு விறகு வேண்டும். பாதி மலையில் தைலமரம் நட்டார்கள். தப்பாக அளந்து கெடுத்தவர்கள் உண்டு. சரியாக அளந்துவிட்டு, தப்பாகப் பெயர் வைத்துக் கெடுத்த கதை இது. அண்ணியின் ஆய்வு இதுதான்.

ஆய்வேட்டைப் படித்துவிட்டு நேர்காணலுக்கு வந்த தேர்வாளர் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார்: “இவ்வளவு எழுதியிருக்கீங்க. மரம் நடுறது நல்லதா, கெட்டதா? ஒரே வார்த்தைல சொல்லுங்க.”

“ஒரே வார்த்தைல சொன்னதாலதான் சார் இவ்வளவும் ஆச்சு.”

அவையோர் சிரித்தார்கள். தேர்வாளர் சிரிக்கவில்லை. திருத்தி எழுதி வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்! வீட்டுக்கு வந்து அண்ணி அமர்ந்ததும் என் தாயார் ஆற்றாமையோடு சொன்னார்: “நல்லதுன்னு ஒரு வார்த்த சொல்லிட்டு வந்திருக்கலாம்ல?”

“சொல்லியிருக்கலாம் அத்தை. வாய் வரல.”

மறுபடி எழுதினார். பட்டம் பெற்றார். இதே கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர் ஆனார். கொடுத்த அறை எது தெரியுமா? மாடிப்படிக்குக் கீழே, விளையாட்டுச் சாமான்கள் வைத்திருந்த அறை. ஒரு பக்கம் காற்றுப்போன பந்துகள், மறுபக்கம் கிழிந்த வலைகள், நடுவில் என் அண்ணி. மேலே மாணவர் கூட்டம் படியேறினால் கீழே மேசைமேல் சுண்ணாம்பு உதிரும். துடைத்துவிட்டுத் தொடர்ந்து எழுதுவார். அந்த அறையில்தான் அவர் புத்தகம் பிறந்தது. அதை வாங்கிப் படித்தவர்களை எண்ணக் கைவிரல்களே தாராளம்!

இப்படியே போயிருந்தால் நான் இன்று பேச வேண்டியதில்லை. ஆனால், தாய்மார்களே, கோடை வந்ததே!

ஞாபகம் இருக்கிறதா? அடுத்தடுத்து வந்த கோடைகள். ஓடைகள் ஒவ்வொன்றாய் ஓய்ந்தன. நீர்த்தேக்கத்தின் அடிவயிறு வெடித்தது. தண்ணீர் லாரி வந்தால் தெருவே ஓடியது. நகரமன்றம் கூடி ஒரு முடிவெடுத்தது: மலையில் மிச்சமிருக்கும் மஞ்சள் பாதியிலும் மரம் நடுவோம்! மரம் வந்தால் மழை வரும், மழை வந்தால் குழாயில் நீர் வரும். ஊரே மகிழ்ந்தது. பள்ளிப் பிள்ளைகள் ஊர்வலம் போனார்கள். நானும் பச்சைத் தொப்பி போட்டுப் படம் எடுத்துக்கொண்டேன்.

ஒரே ஒரு குரல் வேண்டாம் என்றது. எந்தக் குரல்? படிக்கட்டுக்குக் கீழிருந்த குரல்!

மரம் நட வேண்டாம் என்று சொல்பவரை ஊர் என்ன செய்யும்? பத்திரிகைகள் ‘மரங்களின் எதிரி’ என்றன. தெரு ‘கோடாலி அம்மா’ என்றது. அட்டையில் ஒரு கோடாலி வெட்டி அவர் அறைக்கதவில் யாரோ தொங்கவிட்டார்கள். சுவரோரம் நிற்கும் தம்பிகளே, அது நீங்களல்ல, உங்கள் அண்ணன்மார்! அண்ணி அதை எடுத்துப் பார்த்தார். “நல்லா வெட்டியிருக்காங்க” என்று சொல்லி மேசைமேல் வைத்துக்கொண்டார். ஆனால் வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை.

அன்றைய கல்லூரி நிர்வாகத்தில் இருந்த ஒருவர் அண்ணியை அழைத்தார். அன்போடுதான் பேசினார்.

“மேடம், நிரந்தர வேலைக்கு உங்க பேரு போயிருக்கு. கொஞ்ச நாளைக்கு வாயத் தொறக்காம இருங்க. எல்லாம் தானா நடக்கும்.”

“எவ்வளவு நாளைக்கு சார்?”

“கன்னு நட்டு முடியுற வரைக்கும்.”

“நட்டு முடிச்சப்புறம் நான் பேசி யாருக்கு சார் பிரயோஜனம்?”

அன்று மாலை உணவு மேசையில் நான் கேட்டேன். பொறியாளனாக அல்ல, போக்கிடம் இல்லாதவனாகக் கேட்டேன்: “அண்ணி, எனக்குத் தண்ணி வேணும். உங்க வரலாறு தண்ணி தருமா?”

பெருமக்களே, இந்த இடத்தில் ஒரு சாதாரண அறிஞர் என்ன சொல்லியிருப்பார்? தரும் என்று மார்தட்டியிருப்பார். என் அண்ணி சோற்றுக் கையோடு என்னைப் பார்த்தார்.

“தெரியாது தம்பி. ஆனா அந்தப் புல்லு மழைய மண்ணுக்குள்ள விடும், அந்த மரம் மண்ணுக்குள்ள இருக்கறத உறிஞ்சும். அதனால தரும்னு நெனைக்கிறேன். ஒரு சரிவுல மட்டும் தைலமரத்த எடுத்துட்டுப் பாப்போம். அடுத்த சரிவ அப்படியே விடுவோம். ரெண்டு ஓடையையும் நீங்களே அளங்க. என்னை நம்ப வேணாம்.”

தெரியாது என்று சொன்னவரைத்தான் எனக்கு நம்பத் தோன்றியது.

நகரமன்றக் கூட்டத்துக்கு நானே அழைத்துப் போனேன். உள்ளே நுழைந்ததும் கூச்சல். ஒரு தாய் எழுந்து கேட்டார்: “மரம் வேணாம்னு சொல்ற மொத மனுஷி நீதாம்மா. உனக்கு என்ன வந்துச்சு?”

அண்ணி ஒலிபெருக்கியை நகர்த்திவிட்டு அந்தத் தாயிடமே பேசினார்: “மரம் வேணாம்னு சொல்லலக்கா. தெருவுல நடுங்க, ஆத்தோரம் நடுங்க, நானும் வந்து குழி வெட்டுறேன். புல்லு இருக்கற எடத்துல நடாதீங்க. அது காலி எடம் இல்ல. அங்க ஏற்கெனவே ஒருத்தர் குடியிருக்காரு.”

நகரமன்றத் தலைவர், இதோ இருக்கிறார், சாட்சி சொல்வார், கையை நீட்டிக் கேட்டார்: “சரிம்மா. ஒரு சரிவு தர்றோம், அதுவரைக்கும் நடுறதயும் நிறுத்தி வைக்கிறோம். தோத்துட்டா?”

“தோத்துட்டா, மொதக் கன்ன நானே வந்து நடுறேன். ஊரைக் கூட்டி வச்சு நடுறேன்.”

கைதட்டுகிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். கைதட்டும் கட்டம் இன்னும் வரவில்லை.

ஒரு சரிவில் தைலமரங்கள் வீழ்ந்தன. என்ன ஆயிற்று? ஓடை பெருகியதா? புல் பொங்கியதா? ஒன்றும் இல்லை! மொட்டை மலை! முதல் மழைக்குச் சரிவின் மண்ணெல்லாம் கரைந்து ஓடையில் இறங்கியது. உங்கள் வீட்டுக் குழாய்களில் செந்நீர் வந்தது. உங்களில் பாதிப் பேர் என்னை அழைத்தீர்கள். மீதிப் பேர் நேரில் வந்தீர்கள். அதே மாதம் கல்லூரியில் அண்ணியின் தற்காலிக வேலை நீட்டிக்கப்படவில்லை. நிரந்தரமும் போயிற்று, தற்காலிகமும் போயிற்று. மாடிப்படிக்குக் கீழிருந்த புத்தகங்களை அட்டைப்பெட்டிகளில் கட்டி, அண்ணன் கடையில் கண்ணாடிச் சட்டங்களுக்கு நடுவே அடுக்கினோம்.

நான் பொறுமை இழந்தேன். “ஊருக்கு என்ன அண்ணி பதில் சொல்றது?” என்று குரலை உயர்த்திவிட்டேன். அண்ணி கழுவிய தட்டையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார்.

அப்போது என் அண்ணன் எழுந்து வந்தார். வாழ்நாளில் அதட்டிப் பேசாதவர். என் தோளில் கைவைத்துச் சொன்னார்: “இனிமே யார் கேட்டாலும் நம்ம கடை விலாசம் குடு. நான் பதில் சொல்லிக்கறேன். நீ போய் ஓடைய அள.”

அதன் பிறகு நடந்ததுதான் கதை. வெட்டிய அடிமரங்கள் மறுபடி துளிர்த்தன. விதைகள் முளைத்தன. விட்டால் மீண்டும் தைலமரக் காடு. கடைக்கு விடுமுறை நாள் தோறும் அண்ணனும் அண்ணியும் மலையேறினார்கள், குனிந்து பிடுங்கினார்கள். பிறகு, வேலை போன ஆசிரியரைத் தேடி அவரிடம் முன்பு படித்த மாணவர்கள் வந்தார்கள். பிறகு பக்கத்துத் தெரு வந்தது. பிறகு கையில் பையோடு என் தாயாரே ஒருநாள் வந்துவிட்டார். “பேச்சுத் துணைக்கு வந்தேன்” என்றார். அன்று அதிகம் பிடுங்கியவர் அவர்தான். மண்ணைத் தடுக்கக் கல்வரிசை அடுக்கினோம். ஊர் சிரித்தது. சிரித்த ஊரின் முதுகுக்குப் பின்னால், மண்ணுக்குள் உறங்கிக் கிடந்த வேர்கள் விழித்தன. முதலில் திட்டுத் திட்டாய், பிறகு தொட்டுத் தொட்டாய், பிறகு சரிவெல்லாம் பட்டுப் பட்டாய், புல்! வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்றார்கள் பெரியோர். வல்லவளுக்கு? புல்லே ஆயுதம், புல்லே அரண், புல்லே அருவி!

மூன்றாம் கோடை வந்தது. தைலமரச் சரிவின் ஓடை வழக்கம்போல் வறண்டது. புல் சரிவின் ஓடையைப் பார்க்க நானே போனேன். கல்லிடுக்கில் கயிறுபோல் ஒரு நீர்க்கோடு. மெலிந்திருந்தது, ஆனால் நிற்கவில்லை. கையை வைத்தேன். குளிர்ந்தது. அளந்தேன், நம்பாமல் மறுபடி அளந்தேன். அங்கிருந்தே அண்ணியைக் கூப்பிட்டேன்.

“அண்ணி! ஓடுது அண்ணி!”

மறுமுனையில் அண்ணி சொன்னார்: “சந்தோஷம் தம்பி. ஆனா ஒரு கோடைய வச்சு எதுவும் சொல்லக் கூடாது. அடுத்த கோடையும் பாருங்க. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.”

ஐயா, பெரியோர்களே! வேலை போய், பெயர் கெட்டு, வசை சுமந்த ஒருவர், வென்றேன் என்று கூவ வேண்டிய நேரத்தில், இன்னும் ஒரு கோடை பொறு என்கிறார். இதை அறிவு என்பதா, அறம் என்பதா? அவர் அழுதார் என்று அண்ணன்தான் பின்னால் சொன்னார்.

அடுத்த கோடையும் ஓடியது. அதற்கடுத்த கோடையும் ஓடியது. இப்போது தட்டுங்கள்! தாராளமாகத் தட்டுங்கள்!

ஒரு ஓடையால் ஊர்த் தாகம் முழுதும் தீர்ந்துவிட்டதா? இல்லை. பொய் சொன்னால் அண்ணி இந்த மேடையிலேயே என்னைத் திருத்துவார். ஆனால் லாரிகள் குறைந்தன. மஞ்சள் பாதி மஞ்சளாகவே நிற்கிறது. அடுத்த சரிவையும் நகரமன்றம் கொடுத்திருக்கிறது. புதிதாக வந்த முதல்வர் அம்மையார் ஒருநாள் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போனார். கண்ணைச் சோதிக்கப் போனவர், அட்டைப்பெட்டியில் இருந்த புத்தகத்தை எடுத்து நின்றபடியே படித்தார். விளைவுதான் இன்றைய விழா. இப்போது வரலாற்றுத் துறை “எங்க ஆளு” என்கிறது, தாவரவியல் துறை “எங்க பொண்ணு” என்கிறது! சண்டை வேண்டாமென்றுதான் தனித் துறை.

நிறைவாக ஒன்று. விழா இன்றுதான் என்றாலும் முதல் வகுப்பு சென்ற வாரமே நடந்தது. அவரவர் ஊரைப் பற்றி ஆளுக்கொரு கேள்வி கொண்டுவரச் சொல்லியிருந்தார் அண்ணி. எங்கள் தெருவுக்கு மட்டும் இத்தனை கொசு எப்படி என்றான் ஒருவன். வகுப்பு சிரித்தது. பிறகு ஒரு மாணவி எழுந்தாள். தயங்கிச் சொன்னாள்:

“எங்கப்பா செங்கல் சூளை வச்சிருக்காரு மேடம். அவரு மண்ணு எடுக்குற எடம் முன்னாடி குளமா இருந்துச்சுன்னு எங்க தெருவுல பேசிக்கறாங்க. இதை நான் ஆராய்ச்சி பண்ணி எழுதுனா… எங்கப்பா என்ன ஆவாரு?”

அண்ணி மேடையை விட்டு இறங்கிப் போய் அவள் பெஞ்சில் அவளருகே உட்கார்ந்தார்.

“அப்பாவுக்குத் தெரியாம எழுதாத. அவரையும் கூட்டிட்டு வா. அவரு கதையும் கேக்கணும்ல? குளத்தையும் சூளையையும் ரெண்டையும் வச்சுக்கிட்டு என்ன பண்ணலாம்னு மூணு பேரும் சேர்ந்து யோசிப்போம்.”

அந்தப் பெண் வீட்டில் சொன்னாளோ, சொல்லவில்லையோ என்று நான்கு நாளாய் அண்ணிக்கு உறக்கமில்லை. பெருமக்களே! சற்று முன்னர் இந்த அரங்கின் வாசலில் செம்மண் படிந்த சட்டையோடு ஒருவர் தயங்கி நின்றார். “இங்கதானே அந்தப் புது டிபார்ட்மெண்ட்டு? எம் பொண்ணு வரச் சொல்லுச்சு” என்றார். அதோ, கடைசி வரிசையில் மகள் பக்கத்தில் அமர்ந்திருக்கிறார். எழுந்திருக்க வேண்டாம் ஐயா, கூச்சப்பட வேண்டாம். நீங்கள் வந்தீர்களே, அது போதும். அண்ணி நிமிர்ந்துவிட்டார், பாருங்கள்!

நேரம் தந்த தலைவர் அவர்களுக்கும், சிரித்தும் சிந்தித்தும் செவிகொடுத்த உங்களுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. தாய்மார்களே, குழாயைத் திறந்துவிட இதோ புறப்படுகிறேன். போய்க் குடங்களை எடுத்து வையுங்கள். வணக்கம்!